கறித்தூள் பேணிக்குள் ஒரு குத்தகை

நான் ஓய்வு பெற்று மூன்றாவது கிழமை, பல் விளக்கிக்கொண்டிருந்தபோது நான் வேலை பார்த்த கந்தோரிலிருந்து தொலைபேசி வந்தது. பேசியவள் ஹனா. என் கதிரையில் இப்போது இருப்பவள். என்னைவிடக் கெட்டிக்காரி, அதை என்னிடம் மறைக்கும் அளவுக்கு நாகரிகமும் உள்ளவள்.

"சொத்துப் பதிவேட்டைக் கணினிக்கு மாற்றுகிறோம்," என்றாள். "ஒன்றிலிருந்து பதினொன்றுவரை வீடுகள். சரி. பன்னிரண்டாவதில் 'நாணயம் ஒன்று, குத்தகைக் காலம் இருநூற்றைம்பது வருடம், இருப்பிடம் கறித்தூள் பேணி' என்று இருக்கிறது. தட்டச்சுப் பிழையா?"

"இல்லை," என்றேன், வாயில் நுரையோடு.

"பதின்மூன்றாவதில் 'கொளுக்கி ஒன்று, நன்கொடை' என்று இருக்கிறது."

"அதுவும் சரிதான்."

பிறகு, மருத்துவர்கள் கெட்ட செய்தி சொல்லுமுன் வைத்துக்கொள்ளும் குரலில், "இதை எழுதித் தருவீர்களா?" என்று கேட்டாள். அவளுக்கு ஆங்கிலத்தில் அரைப் பக்கம் எழுதி அனுப்பிவிட்டேன். அரைப் பக்கத்தில் அடங்காதது இங்கே.

என் பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. யாழ்ப்பாணத்தில் நில அளவை படித்தேன். அளக்க வேண்டிய நிலத்தை விட்டுவிட்டு ஓடிவந்தேன். லண்டனில் சில வருடம் பெற்றோல் அடித்தேன். பிறகு ஒரு கவுன்சிலின் வீடு வழங்கும் பகுதியில் கண்ணாடிக்குப் பின்னால் பதினெட்டு வருடம் உட்கார்ந்து, வீடு கேட்டு வந்தவர்களுக்கு 'இல்லை' என்று சொன்னேன். இரண்டு மொழியில், ஆறு விதமாகச் சொல்ல வரும். மேலதிகாரிகள் பாராட்டினார்கள். வந்தவர்கள் பாராட்டவில்லை. அந்த வேலை போனபின் தென் லண்டன் ஸ்ட்ரெதத்தில் ஒரு சிறிய காணி அறக்கட்டளை தமிழ் தெரிந்த ஆளைத் தேடியது. விண்ணப்பித்தவன் நான் ஒருவன்தான். கடும் போட்டிக்குப் பின் என்னைத் தெரிவுசெய்தார்கள்.

காணி அறக்கட்டளை என்பது இதுதான். ஊரவர்கள் சேர்ந்து ஒரு துண்டு நிலத்தை எடுத்து, இனி யாரும் அதை விற்க முடியாதபடி கட்டிப்போடுவார்கள். எங்களுடையது பழைய சலவைச்சாலை இருந்த இடம். அதன்மேல் வீடு கட்டி, அந்தப் பகுதியில் வேலைசெய்பவர்களின் சம்பளத்தைப் பார்த்து விலை வைப்பார்கள். வாங்குபவருக்கு வீடு இருநூற்றைம்பது வருடக் குத்தகையில் வரும்; நிலம் அறக்கட்டளையிடமே இருக்கும். அவர் விட்டுப் போகும்போது அதே கணக்கில்தான் அடுத்தவருக்கு விற்கலாம். பக்கத்துத் தெருவில் விலை வானத்துக்குப் போனாலும் இந்தப் பதினொரு வீடும் தரையிலேயே நிற்கும்.

இதை நம் ஆட்களுக்கு விளங்கப்படுத்துவது என் வேலை. கிங்ஸ்பரியில் ஒரு கலியாண வீட்டில் தூரத்து உறவுக்காரர் ஒருவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"அப்ப விலை ஏறாதோ அண்ணை?"

"ஏறாது."

"அப்ப என்னத்துக்கு வீடு?"

"இருக்கிறதுக்கு."

அவர் என் தோளைத் தட்டிவிட்டு வேறு மேசைக்குப் போனார். எனக்குச் சுகமில்லை என்று நினைத்திருப்பார்.

என் மேலதிகாரி ப்ரெண்டா. அறுபது வயது, ஆறடி உயரம். எந்தக் கடிதத்தையும் எழுந்து நின்று உரத்து வாசிப்பார். ஒரு வசனம் முடியுமுன் மூச்சு முடிந்தால், மூச்சு முடிந்த இடத்தில் சிவப்புப் பேனையால் முற்றுப்புள்ளி வைப்பார். வசனத்தின் மிச்சம் அநாதையாகக் கிடக்கும். அதை எழுதியவர் எடுத்து வளர்க்க வேண்டும். நான் எழுதிய முதற்கடிதத்தில் ஒன்பது அநாதைகள். கவுன்சிலில் பதினெட்டு வருடம் பழகிய மூச்சு அது.

அவரிடம் இன்னொரு விதி இருந்தது. அச்சுக்குப் போகும் எந்தத் தாளையும் கந்தோருக்கு வெளியே உள்ள ஒருவர் வாசித்திருக்க வேண்டும். "யார் வாசித்தது?" என்று கேட்பார். பெயர் சொன்னால்தான் கையெழுத்து.

ஏழாம் இலக்க வீட்டை எடுக்க இருந்தவர் வேலை மாறிப் போய்விட, அந்த ஒரு வீட்டுக்கு மட்டும் மறுபடி விண்ணப்பம் கேட்டோம். தமிழ்த் துண்டுப்பிரசுரம் என் பொறுப்பு. விண்ணப்பிப்பவர் முதலில் அறக்கட்டளையில் அங்கத்தவராக வேண்டும். கட்டணம் ஒரு பவுண்ஸ். லண்டனில் நாங்கள் எல்லோரும் 'ஒரு பவுண்ஸ்' என்றுதான் சொல்வோம். ஆனால் எழுதுவதற்குப் பேனையை எடுத்தவுடன் எனக்குள் ஒரு தமிழ்ப் பண்டிதர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். ஒன்று என்பது ஒருமை. ஒருமைக்கு ஏன் 'ஸ்'? அதுவும் ஆங்கிலப் பன்மை? வெட்டினேன். 'அங்கத்துவக் கட்டணம் ஒரு பவுண். இது எக்காலத்திலும் திருப்பித் தரப்படமாட்டாது.' தூரப் பிடித்துப் பார்த்தேன். வடிவாக இருந்தது.

"யார் வாசித்தது?" என்றார் ப்ரெண்டா.

"என் மனைவி," என்றேன்.

மனைவி அதை வாசிக்கவில்லை. அதன்மேல் தேத்தண்ணிக் கோப்பை வைத்திருந்தாள். அவ்வளவுதான் தொடர்பு.

விண்ணப்பப் பெட்டி திறப்பதற்கு எங்களிடம் ஒரு முறை இருந்தது. வெள்ளிக்கிழமை நண்பகல் பெட்டி பூட்டப்படும். இரண்டு மணிக்கு மூன்று பேர் முன்னிலையில் திறக்கப்படும். ஒருவர் உறையைக் கிழிப்பார், ஒருவர் உள்ளிருப்பதை உரத்துச் சொல்வார், ஒருவர் எழுதுவார். கிழிப்பவர் பேசக்கூடாது. சொல்பவர் எழுதக்கூடாது. எழுதுபவர் எதையும் தொடக்கூடாது. அன்று ப்ரெண்டா கிழித்தார், எங்கள் நிர்வாக சபையிலிருந்த ஓய்வுபெற்ற சட்டத்தரணி ஹார்க்கிரீவ்ஸ் சொன்னார், நான் எழுதினேன். ஒவ்வொரு காசும் ஒரு பிஸ்கட் தகரப் பேணிக்குள் விழும். 'விண்ணப்பம் முழுமை, கட்டணம் ஒன்று, டங்.' இப்படி நாற்பது தரம்.

நாற்பத்தோராவது உறையில் ஹார்க்கிரீவ்ஸ் நின்றுவிட்டார்.

"விண்ணப்பம் முழுமை. கட்டணம்…" கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டார். "நகை."

என் தாளில் நகைக்கு நிரல் இல்லை. 'கட்டணம் செலுத்தப்படவில்லை. உள்ளே உலோக ஆபரணம் ஒன்று' என்று எழுதினேன். மஞ்சளாக, கொளுக்கி வைத்த ஒரு வட்டம் என் கண் முன்னால்தான் பேணிக்குள் போனது. யாழ்ப்பாணத்தில் பிறந்து, இரண்டு அக்காமாருக்குக் கலியாணம் செய்து வைத்த எனக்கு ஒன்றும் ஓடவில்லை. யாரோ உறையை ஒட்டும்போது தோடு விழுந்துவிட்டது என்று நினைத்தேன்.

புள்ளி போட்டுப் பார்த்தால் அந்த நாற்பத்தொன்றுதான் முதலிடம். பெயர் சுபாஷினி. முதியோர் இல்லத்தில் வேலை, புருசன் வான் ஓட்டுகிறவர், இரண்டு பிள்ளைகள், தாய். ஐந்து பேரும் ஸ்ட்ரெதத்தில் ஒரு கடைக்கு மேலே ஓர் அறையில். அந்த அறையையும் மாத முடிவில் விடச் சொல்லிவிட்டார்கள். கட்டணம் இல்லாததால் பட்டியலிலிருந்து அவர்கள் பெயர் வெட்டுப்படும். திங்கட்கிழமை நான் தொலைபேசி எடுத்தேன்.

"தங்கச்சி, உங்கடை கட்டணம் வந்து சேரேல்லை."

"எனக்கு ஷிப்ட் எண்டபடியா அம்மாதானே அண்ணை கொண்டுவந்து போட்டவ."

"உறைக்குள்ளை இருந்தது வட்டமா ஒண்டு. கொளுக்கியோடை."

பிறகு தொலைபேசியை விட்டு விலகிய குரல்: "அம்மா, என்னத்தைப் போட்டனீங்கள்?"

இன்னும் தூரத்திலிருந்து ஒரு குரல்: "கேட்டதைத்தான் போட்டனான்."

ஒரு மணித்தியாலத்தில் இரண்டு பேரும் கந்தோருக்கு வந்துவிட்டார்கள். தாய் யோகம்மா, ஊரிலிருந்து வந்து இரண்டு வருடம்தான். சின்ன உருவம், பெரிய கோட்டு. கைப்பையிலிருந்து ஒரு பிளாஸ்ரிக் பையை எடுத்தார். அதற்குள்ளிருந்து என் துண்டுப்பிரசுரத்தை எடுத்து மேசையில் விரித்து, விரலை வைத்தார்.

"வாசியும் தம்பி."

"அங்கத்துவக் கட்டணம் ஒரு…" என்று தொடங்கினேன். அப்போதுதான் என் காதுக்கே கேட்டது. ஊரில் பவுண் என்றால் காசு இல்லை. பவுண் என்றால் பொன்.

"ஒரு பவுண்தானே கேட்டனீங்கள்? இவளின்ரை அப்பா என்ரை தாலிக்கொடியிலை கட்டின காசு. ரெண்டு இருந்தது. ஒண்டை இவள் லண்டன் வரேக்கை வித்தனாங்கள். இது மற்றது."

"அம்மா, திருப்பித் தரமாட்டம் எண்டும் எழுதியிருக்கே. நீங்கள் யோசிக்கேல்லையோ?"

"யோசிச்சனான். லண்டனிலை வீடெண்டா ஒரு பவுண் கேக்காமல் விடுவினமோ? மலிவு வீடெண்டுதானே போட்டிருக்கிறியள். உண்மையிலை மலிவுதான் எண்டு நினைச்சனான்."

சுபாஷினி முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை, அவளுக்கும் தெரிந்திருக்காது.

நான் ப்ரெண்டாவின் அறைக்குப் போய் என் சட்டைப்பையிலிருந்து ஒரு பவுண்ஸ் நாணயக் குற்றியை எடுத்து மேசையில் வைத்தேன். பிழை என்னுடையது, இதைக் கட்டணமாகப் போட்டுவிட்டு நகையைக் கொடுத்துவிடுவோம் என்றேன். ப்ரெண்டா குற்றியை ஒரு விரலால் என் பக்கம் தள்ளினார்.

"பட்டியலில் இரண்டாவதாக ஒரு பஸ் சாரதி இருக்கிறார். அவருக்கும் மூன்று பிள்ளைகள். பெட்டி பூட்டியபிறகு உன் சட்டைப்பை வேலைசெய்தது என்று அவருக்கு யார் சொல்வது? நீயா?" பிறகு கேட்டார்: "உன் மனைவி வாசித்தாரா?"

"அவவுக்குக் கண் கொஞ்சம் பிரச்சினை," என்றேன். ஒரு பொய்யைத் தாங்க இன்னொரு பொய். மனைவியின் கண்ணுக்கு ஒன்றும் இல்லை.

புதன்கிழமை அவசரக் கூட்டம். ஒன்பது பேர், ஒரு பிஸ்கட் பேணி. ஹார்க்கிரீவ்ஸ் வீட்டிலிருந்து பூதக்கண்ணாடி கொண்டுவந்திருந்தார். நாணயத்தை விளக்கடியில் பிடித்து நெடுநேரம் பார்த்தார். ஒரு பக்கம் ஜோர்ஜ் மன்னரின் தலை. மறுபக்கம் குதிரையில் இருந்து பாம்பு போன்ற ஒன்றைக் குத்தும் ஆள்.

"நண்பர்களே," என்றார், "வெள்ளிக்கிழமை நான் இதை நகை என்று சொன்னேன். பிழை. இது எங்கள் நாட்டுக் காசு. சட்டப்படி இதன் பெறுமதி ஒரு பவுண். அன்றும் அதுதான், இன்றும் அதுதான். தங்கக் கடைக்காரர் என்ன தருவார் என்பது அவருடைய பிரச்சினை."

இங்கே அடித்த காசு கப்பலேறி யாழ்ப்பாணம் போய், ஒரு கொடியில் நாற்பது வருடம் தொங்கிவிட்டு, ஸ்ட்ரெதத்தில் ஒரு பிஸ்கட் பேணிக்குள் திரும்பி வந்திருந்தது. அந்தப் பெட்டியில் காசு போட்டவர்களில் சரியாகச் சொன்னபடி கட்டணம் கட்டியவர் யோகம்மா ஒருவர்தான். அவருக்கு என் தமிழ் விளங்காமல் போகவில்லை. என்னைவிட நன்றாக விளங்கியிருக்கிறது.

"ஆனால் கொளுக்கி?" என்றார் ஒருவர்.

அரை மணித்தியாலம் கொளுக்கியைப் பற்றிப் பேசினார்கள். கொளுக்கியோடு சேர்த்தால் ஒரு பவுணுக்கு மேலே போகிறது. மேலதிகக் கட்டணம் வாங்க எங்கள் விதியில் இடமில்லை. முடிவில் கொளுக்கி நன்கொடை என்று தீர்மானமானது. ஒருவர் முன்மொழிந்தார், ஒருவர் வழிமொழிந்தார். ஒருவர் நடுநிலை. ஏன் நடுநிலை என்று நான் இன்றுவரை கேட்கவில்லை.

கட்டணம் செல்லும். ஆகவே அங்கத்துவம் செல்லும். ஆகவே ஏழாம் இலக்கம் சுபாஷினிக்கு. நான் எழும்பி, "அப்ப காசைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்," என்றேன். ஹார்க்கிரீவ்ஸ் என்னை இரக்கத்தோடு பார்த்தார்.

"கொடுக்க முடியாதே. கொடுத்தால் கட்டணம் இல்லை. கட்டணம் இல்லையென்றால் அங்கத்துவம் இல்லை. அங்கத்துவம் இல்லையென்றால் வீடு இல்லை. மேலும் இப்போது இது அறக்கட்டளையின் சொத்து. உள்ளே வந்த சொத்தைத் தனியாருக்குக் கொடுக்க முடியாதபடி பூட்டு வைத்தவர்கள் நாங்கள்தான்."

அந்தப் பூட்டு நல்ல பூட்டு. பெரிய கட்டடக் கம்பனிக்காரர்கள் நிலத்தை அடித்துக்கொண்டு போகாமல் இருக்க, மூன்று வருடம் செலவழித்துச் செய்தது. அது முதன்முதலாகப் பிடித்த திருடன் யோகம்மா.

நான் போய்ச் சொன்னேன். கடைக்கு மேலே அந்த அறையில் கட்டிலிலும் பெட்டிகளிலும் இருந்தபடி கேட்டார்கள்.

"காசோ வீடோ எண்டா வீடுதான்," என்றார் யோகம்மா, மூச்சு விடாமல். "காசுக்குள்ளை போய்ப் படுக்கேலுமோ?"

"ஏலாது," என்றாள் சுபாஷினி. "அது அப்பான்ரை. உங்களிட்டை அவரின்ரை எண்டு வேறை ஒண்டும் இல்லை. அதை எடுத்துக்கொண்டு தாற வீடு எனக்கு வேண்டாம்."

"விசர்க்கதை கதையாதை. மாத முடிவிலை பிள்ளையளை எங்கை படுத்துவாய்?"

"எங்கையும்."

"எங்கையெண்டு சொல்லன் பாப்பம்."

புருசன் ரகு யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான். சுபாஷினி உண்மையாகவே வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டுவிடுவாள் என்றே நினைத்தேன். ஓர் எழுத்தை வெட்டி ஒரு குடும்பத்தைத் தெருவில் விட்ட முதல் ஆள் நானாக இருந்திருப்பேன்.

ப்ரெண்டாவிடம் அப்படியே சொன்னேன். இம்முறை மனைவி வாசிக்கவில்லை என்பதையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. "தெரியும்," என்றார். "நீ தந்த தாளில் கோப்பை வட்டம் மட்டும்தான் இருந்தது." பிறகு எழுந்து நின்றார். எங்கள் விதிப் புத்தகத்தை முதலாம் பக்கத்திலிருந்து உரத்து வாசிக்கத் தொடங்கினார். நாற்பது நிமிடம். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். கடைசியில் புத்தகத்தை மூடினார்.

"இந்தக் கட்டடத்திலிருந்து ஒரு பொருள் வெளியே போக ஒரே ஒரு வழிதான் வைத்திருக்கிறோம். வீட்டுக் குத்தகை. வந்த விலைக்கே போகலாம். சொந்தம் எங்களிடம் இருக்கும். வைத்திருப்பவர் இருநூற்றைம்பது வருடம் வைத்திருக்கலாம்." கணினியில் வீட்டுக் குத்தகைப் பத்திரத்தைத் திறந்து, 'வீடு' என்று வந்த இடமெல்லாம் 'நாணயம்' என்று மாற்றினார். பொத்தானை அழுத்தியதும் இருநூற்றுப் பதினான்கு இடத்தில் மாறியது.

அதைத் தமிழில் வாசித்துக் காட்டும் பாக்கியம் எனக்கு. யோகம்மா கதிரை நுனியில் உட்கார்ந்து, நீதிமன்றத்தில் போலக் கேட்டார்.

"எழுத்துமூல அனுமதியின்றி நாணயத்துக்குள் நாய், பூனை வளர்க்கக்கூடாது."

"நான் நாய் வளக்கிறேல்லை தம்பி."

"ஐந்து வருடத்துக்கு ஒருமுறை நாணயத்தின் வெளிப்புறத்துக்கு வர்ணம் பூச வேண்டும்."

"புளி போட்டு மினுக்கினாக் காணாதோ?"

ப்ரெண்டாவிடம் கேட்டேன். யோசித்துவிட்டு, போதும் என்றார். ஓரத்தில் எழுதிக் கையெழுத்து வைத்தோம்.

"நாணயத்தின் முன்புறத்தில் உடுப்புக் காயப்போடக்கூடாது. நாணயத்தை விடுமுறைப் பயணிகளுக்கு வாடகைக்கு விடக்கூடாது. நாற்பத்தெட்டு மணி நேர முன்னறிவித்தலுடன் வருடம் ஒருமுறை அதிகாரி நாணயத்துக்குள் நுழைந்து பார்வையிட அனுமதிக்க வேண்டும்."

"நீரோ நுழைவீர்?"

"ஓம் அம்மா."

என் வயிற்றைப் பார்த்தார்.

கடைசி வாசகம்தான் முக்கியம். குத்தகையை யாருக்கு மாற்றினாலும் ஒரு பவுணுக்கு மேல் வாங்கக்கூடாது. ரகு இருமினான். "மாமி, பவுண் விலை ஏறிக்கொண்டு போகுது. இதைக் கையெழுத்து வைச்சா எக்காலத்திலும் விக்கேலாது."

"விக்கிறவைக்குத்தானே தம்பி விலை. நான் என்ன விக்கவோ போறன்?" என்றார் யோகம்மா.

யோகம்மா என்ன சொன்னார் என்று ப்ரெண்டா கேட்டார். மொழிபெயர்த்தேன். அவர் எழுந்து நின்று அந்த வசனத்தை உரத்துச் சொல்லிப் பார்த்தார். மூச்சு மிச்சம் இருந்தது. அடுத்த வருடத் துண்டுப்பிரசுரத்தின் முதல் வரி அதுதான். நான் எழுதிய எதுவும் முதல் வரிக்கு வந்ததில்லை.

குத்தகைக்கு ஒரு பவுண் கட்ட வேண்டும் என்றேன். யோகம்மா கைப்பையைத் திறந்தார், நிறுத்தினார்.

"இந்த முறை எந்தப் பவுண் தம்பி?"

மாத முடிவுக்கு இரண்டு நாள் இருக்கையில் அவர்கள் அறையைக் காலிசெய்தார்கள். வங்கிக் கடன் சரிவரும்வரை அறக்கட்டளை அவர்களை வாடகைக்கு இருக்கவிட்டது; அதற்கும் ஒரு கூட்டம். ஏழாம் இலக்கத்தில் பால் காய்ச்சினார்கள். பொங்கி வழிந்த பாலுக்கு மின்சார அடுப்பு தானாக நின்றுவிட, புகை மணி அடிக்க, கீழ்வீட்டு ஆள் தீயணைப்புப் போர்வையோடு ஓடிவந்து பால் குடித்துவிட்டுப் போனார்.

அதன் பிறகு வருடம் ஒருமுறை நாணயத்துக்குள் நுழைவது என் கடமை. நாற்பத்தெட்டு மணி நேரத்துக்கு முன் கடிதம் போடுவேன். யோகம்மா கறித்தூள் பேணியை எடுப்பார். கரண்டியால் கிண்டி ஜோர்ஜ் மன்னரை வெளியே எடுப்பார். நான் தும்முவேன். படிவத்தில் 'நிலை: நன்று. மணம்: நன்று' என்று எழுதுவேன். பதிவேட்டின் அந்தப் பக்கம் முழுக்க மஞ்சள் கைரேகை. வேலை நேரத்தில் நான் செய்தவற்றில் யாருக்கும் 'இல்லை' என்று சொல்லாத ஒரே வேலை அது.

கடைசித் தடவை போனபோது சொன்னேன்.

"அம்மா, நான் பென்சன் எடுக்கிறன். அடுத்த வருசம் வேறை ஆள் வருவினம்."

"தமிழோ?"

"இல்லை. ஆனா நல்ல பிள்ளை."

பேணியை மூடினார். மூடியைச் சரியாகத் திருகினார். "இருநூற்றைம்பது வருசம் முடிய இதைக் கேட்டு வாறவைக்கு என்னெண்டு விளங்கும்?"

"நான் எழுதி வைச்சிட்டுப் போறன் அம்மா."

"நீரோ?" என்றார் யோகம்மா. "எழுதும். ஆனா இந்த முறை ஆருக்காவது வாசிக்கக் குடுத்துப்போட்டு அனுப்பும்."

அதனால் இதை எழுதி முடித்ததும் மனைவியிடம் கொடுத்தேன். கண்ணாடி போடாமலே வாசித்தாள். எழுத்துப் பிழை இரண்டு இருக்கிறது என்றாள், திருத்தினேன். கறித்தூள் இடத்தில் சிரித்தாள். பிறகு தாளை முன்னுக்குப் புரட்டி, ஓரிடத்தில் விரலை வைத்தாள்.

"நான் வாசிச்சனான் எண்டோ சொன்னனீங்கள்? எனக்குக் கண்ணும் பிரச்சினையோ?"

அது நேற்றுக் காலை. தேத்தண்ணி இன்னும் வரவில்லை.